ரிஷி பஞ்சமிக்குப் பிறகு

வலியசாலை அக்கிரகாரத்துச் சமூஹ மடத்தில் எப்போதும் சாப்பாட்டுப் பந்திதான் நடக்கும். வைகாசி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும், இலை போடுகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுப் பெண்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனை வைத்திருந்தார்கள். தெருவின் மாமிகள் கல்யாணத்துக்கு வருவது போலத் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பகவதி. வயது ஐம்பத்தைந்து.

நர்ஸ் ரெம்யா களியிக்காவிளைக்காரி. தமிழும் மலையாளமும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும். பகவதியின் விரலில் குத்தி எடுத்த துளியைக் கருவியில் வைத்துப் பார்த்தவள், நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தாள்.

"எட்டரைதான் இருக்கு அம்மா. பன்னெண்டாவது வேணும். படி கேறும்போ மூச்சு வாங்குதா?"

"கொறச்சு க்ஷீணம் உண்டு. வெயிலாக்கும்னு நெனச்சேன்."

"வெயிலெல்லாம் இல்ல. ரத்தக்குறைவு. பீரியட்ஸ் எப்படி? நின்னாச்சா?"

பகவதி வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து சிவகாமியம்மாளின் குரல் வந்தது. தெருவில் எந்த வீட்டு விசேஷமானாலும் முன்னால் நின்று நடத்திவைப்பவள் அவள்தான். "அவளுக்கு நின்னு மூணு வருஷமாச்சு கேட்டியா. போன ஆவணியில ரிஷி பஞ்சமியே பண்ணியாச்சு. நானாக்கும் கூட இருந்து நடத்தி வெச்சேன்!"

மாமிகள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பகவதியும் ஆட்டினாள். ரெம்யா அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு, பயறு எல்லாம் நிறையச் சேர்க்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்கு மேலே காப்பி குடித்துக்கொண்டு விழுங்கக் கூடாது, எலுமிச்சைச் சாறோடு விழுங்க வேண்டும் என்றெல்லாம் அவள் சொன்னதை பகவதி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் காதுக்குள் வேறு ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. நின்று மூன்று வருஷம் ஆனது உண்மைதான். இந்தத் தை மாதத்தில், அது மறுபடியும் வந்ததும் உண்மைதான்.

அந்தத் தெருவில் ரிஷி பஞ்சமி என்றால் என்னவென்று தெரிந்தால்தான் பகவதியின் பயம் புரியும். மாதவிலக்கு முழுக்க நின்ற பிறகு பெண்கள் செய்கிற விரதம் அது. முப்பது நாற்பது வருஷமாக அந்த நாட்களில் தெரிந்தும் தெரியாமலும் எதையெதைத் தொட்டிருப்போமோ, எந்தப் பாத்திரத்தில் கை பட்டிருக்குமோ, அத்தனைக்குமாகச் சேர்த்து மன்னிப்புக் கேட்பது. விடியலில் நாயுருவிக் குச்சியால் பல் துலக்கி, முழுக்கு மேல் முழுக்குப் போட்டு, கலசத்தில் ரிஷிகளை அழைத்துப் பூஜை பண்ணி, அதிரசம் தட்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாயிற்று என்றால் அதோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது. அதற்குமேல் அவள் எந்நாளும் மடி. எந்த வீட்டுச் சமையலறைக்குள்ளும் தயங்காமல் போகலாம்.

பகவதிக்கு அந்த நாள் ஒரு பட்டம் வாங்கின நாள் போல இருந்தது. கரமனையில் பிறந்தவள், பி.காம். முடித்தவள். கிழக்கேகோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் வந்து அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். பிறகு வீடுதான். புருஷன் சுந்தரராமன் மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சுப்ரியா கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே ஃபிளாட்டில் இருந்தாள். ரிஷி பஞ்சமி ஆன பிறகுதான் தெருவில் பகவதியின் கைக்கு ஒரு மரியாதை வந்தது. சிராத்தச் சமையல் என்றால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "பகவதி தொகையல் அரைச்சா பித்ருக்கள் இலையை வழிச்சுச் சாப்பிடறா" என்று சிவகாமியம்மாளே ஒருமுறை சொன்னாள். சிவகாமியம்மாள் வாயிலிருந்து அப்படி ஒன்று வருவது சாதாரணமில்லை.

தை மாதத்தில் குளிக்கும்போது காலோடு சிவப்பாக ஓடியதைப் பார்த்தவளுக்கு முதலில் நோய் என்றே தோன்றவில்லை. அன்றைக்குக் காலையில் தொட்டதெல்லாம் வரிசையாக மனதில் ஓடின. சுவாமி விளக்கு. ஊறுகாய்ப் பரணி. பக்கத்து வீட்டுச் சிராத்தத்துக்காக ஊறவைத்திருந்த உளுந்து. யாரிடம் சொல்வது? தூரம் என்று சொல்லி மூன்று நாள் ஒதுங்கினால் தெரு சிரிக்கும். விரதம் பொய்யாகிவிட்டது என்பார்கள். இன்னொரு முறை தலைக்குக் குளித்தாள், பூஜை அறை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், உளுந்தை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டுப் புதிதாக ஊறவைத்தாள். இரண்டு நாளில் நின்றுவிட்டது. பங்குனியில் மறுபடி வந்தது. அப்போது கொஞ்சம் அதிகம்.

இப்போது அந்த எட்டரை வந்து சேர்ந்ததும், விந்தைதான், பகவதிக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ரத்தக்குறைவுக்கு மருந்து சாப்பாடு. சாப்பாட்டில் பயப்பட என்ன இருக்கிறது?

சுந்தரராமன் அதை ஒரு ஆபீஸ் வேலை போல எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் சாலை பஜாருக்கு நடந்து போய் மைதீன் கடையில் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். ஒரு நாள் பகவதியும் கூடப் போயிருந்தாள்.

"சாமி, வீட்டுல பிரசவமா? பெட்டி பெட்டியா கொண்டு போறீங்க?" என்றான் மைதீன்.

"உன் வாயில சர்க்கரை போடணும். இவளுக்காக்கும் வேணும். ரத்தம் இல்லையாம்."

"மாமிக்கு ரத்தம் இல்லையா? போன மாசம் இந்தப் பாகற்காய்க்கு எங்கிட்ட சண்டை போட்ட சண்டையப் பாத்தா அப்படித் தோணலியே!"

பகவதி சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

சுப்ரியா ஆன்லைனில் கேழ்வரகு பிஸ்கட்டும் ஏதோ விதைகளும் அனுப்பினாள். முருங்கைக்கீரை தினமும் வந்தது. காப்பியைக்கூடச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாள் பகவதி. அது அவளுக்கு ஒரு தவம். ஒரு பழம் வாயில் போடும்போதெல்லாம், இதோடு சரியாகிவிடும், வெளியே தெரிய வேண்டாம் என்று ஒரு வேண்டுதலும் உள்ளே போனது. ஆனி மாதத்தில் மறுபடி வந்தது. இந்தத் தடவை துணி மாற்றி மாற்றி அலுத்துப்போனாள். ஒரு வேலைக்குப் போனால் இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

லேபில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. இறங்கியிருந்தது.

"அந்த மைதீன் பழைய சரக்கைத் தலையில கட்டியிருக்கான்" என்று கோபப்பட்டார் சுந்தரராமன். "நாளைக்குப் போய் நாலு வார்த்தை கேக்கறேன் பாரு."

"அவனை ஒண்ணும் சொல்லாதேங்கோ" என்றாள் பகவதி.  மைதீனின் பழத்தின்மேல் குற்றம் இல்லை என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆடி மாதத்தில் மாமனாரின் சிராத்தம் வந்தது. வீட்டுச் சிராத்தம்; வேறு யார் சமைப்பார்கள்? சுப்ரியா லீவு போட்டுவிட்டு முதல் நாளே வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "என்னம்மா இப்பிடி வெளுத்துப் போயிருக்கே? சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாமே."

"நான் இருக்கறப்போ ஆளா? தெரு என்ன சொல்லும்? நீ பச்சைத் தண்ணி பிடிச்சு வெச்சாப் போறும், போ."

காலையில் ஈரப்புடவையை உலர்த்தி மடிசார் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள் பகவதி. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை சமைக்கிறவள் வாயில் தண்ணீர்கூட விடக் கூடாது. பாகற்காய் வெந்தது. சேனை வெந்தது. பிரண்டைத் துவையலுக்கு வறுத்து இறக்கினாள். வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது அடிவயிற்றில் சூடாக ஏதோ நகர்ந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்தில் வாத்தியார் தர்ப்பையைக் கிள்ளிக்கொண்டே சுந்தரராமனோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பிராமணர்களும் கால் அலம்பக் காத்திருந்தார்கள். பகவதி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். தை மாதத்தில் மறைத்தாயிற்று. பங்குனியில், ஆனியில். விளக்கைத் தொட்டதற்குச் சுவாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் மாமனாருக்குப் போடுகிற பிண்டம்? இருபது வருஷம் "பகவதி, கொஞ்சம் மோர் இருக்கா?" என்று கேட்டு வாங்கிக் குடித்த மனுஷர் இன்றைக்கு இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அவருக்குத் தீட்டுச் சோறா?

அடுப்பை அணைத்தாள். அடுப்படி நிலைக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏண்ணா. இங்க கொஞ்சம் வாங்கோ."

"என்னடி? சங்கல்பத்துக்கு உட்காரணும்."

"நான் தூரம்."

சுந்தரராமன் புரியாமல் பார்த்தார். "யாரு?"

"நானாக்கும். சமைச்சதெல்லாம் ஆகாது. வேற யாரையாவது கூப்பிடுங்கோ."

 வாத்தியார் தொண்டையைச் செருமினார். பக்கத்து வீட்டில் இருந்து சிவகாமியம்மாளை அழைத்து வந்தார்கள். அவள் வாசலில் நின்று பகவதியை ஏற இறங்கப் பார்த்தாள். "ரிஷி பஞ்சமி பண்ணினவளுக்கா? இதென்னடி கூத்து?" என்றாள். பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டச் சொல்லி, முதலில் இருந்து அரிசி களையத் தொடங்கினாள். அவள் கை வேகமாக ஓடியது. முகத்தைத் திருப்பவே இல்லை.

பகவதி பின்கட்டு அறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வருஷங்களுக்கு முன்னால் மாதாமாதம் உட்கார்ந்த அதே அறை. இப்போது அங்கே பழைய ஃபேனும் கேஸ் சிலிண்டரும் கிடந்தன. சுப்ரியா வந்து முன்னால் உட்கார்ந்தாள். கையில் போன். அதில் எதையோ தேடிப் படித்திருந்தாள்.

"அம்மா, நின்னு எவ்வளவு நாள் ஆச்சுன்னு சொன்னே?"

"மூணு வருஷம்."

"இதுதான் மொதல் தடவையா?"

"ஆமாம்."

"அம்மா."

பகவதி பாயின் கோரையைக் கிள்ளினாள். "தையிலேர்ந்து வருது."

"தையிலேர்ந்தா? இப்போ ஆடி!" சுப்ரியா போனைக் கீழே வைத்தாள். "நான் இங்கேருந்து அரை மணி நேரத்துல இருக்கேன். தினம் போன் பண்றேன். என்ன சாப்டே, என்ன சாப்டேன்னு கேக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ சாப்பாட்டைத்தானேடி கேட்டே. சொன்னேனே."

சுப்ரியா அழுதாள். அழுதுகொண்டே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பிராமணர்கள் இன்னும் உட்காரக்கூட இல்லை. பகவதி தயங்கினாள். இப்போது எந்தச் சமையலும் தன்னுடையது இல்லை என்று உறைத்ததும், வாங்கி மடமடவென்று குடித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெமி அவளைத் திட்டவில்லை. அதுவே பகவதிக்கு மேலும் பயமாக இருந்தது. டாக்டர் ஒவ்வொரு மாதமாகக் கேட்டாள். சுந்தரராமன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். "சார் இருக்கட்டும்" என்றாள் டாக்டர். அவர் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் கேட்காததையெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேரீச்சம்பழம் தினமும் சாப்டேன் டாக்டர். கீரை, கேழ்வரகு எல்லாம் உண்டு. ஆனா ஏறலை."

"அம்மே, கீழ பைப்பைத் தொறந்து விட்டுட்டு மேல டேங்குல வெள்ளம் நெறச்சா நிக்குமா? சாப்பாடு நல்லதுதான். பக்ஷே அது ஒழுகற எடத்தை அடைக்காது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "கேட்டுக்கோங்க. மென்சஸ் நின்னு ஒரு கொல்லம், அதான் ஒரு வருஷம், ஆயிட்டா, பின்ன ஒரு துளி கண்டாலும் வரணும். வலி இல்லேன்னாலும் வரணும். ஒரே ஒரு துளி."

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரம் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சுந்தரராமன் பஜாருக்குப் போகவில்லை. காலையில் எழுந்து, அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, காப்பி போட்டார். பாதி வெந்நீர். பகவதி அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். போன் அடித்தால் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். வாசலில் கூரியர்காரன் கூப்பிட்டால்கூட பகவதி எழுந்து நின்றுவிடுவாள். சாகிற பயம் இருந்தது, இல்லாமல் என்ன. அதோடு கூட, தான் சமைத்துப் போட்ட வீடுகள் அத்தனையும் நினைவில் வந்து நின்றன. ஒரு நாள் தாங்க முடியாமல், "வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கோ. நான் பண்ணின விரதம் வீணாப் போச்சான்னு" என்றாள்.

சுந்தரராமன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அந்தப் பக்கம் வாத்தியார் பதில் சொன்னார்.

"வியாதியால வர்றதையும் மாசா மாசம் வர்றதையும் ஒண்ணாச் சேக்கப்படாது மாமா. நான் படிச்ச வரைக்கும் அப்படித்தான். விரதத்துக்கு ஒரு கொறையும் இல்லை. அந்த மாமி மொதல் தடவையே என்னண்ட கேட்டிருக்கலாமே?"

 ஒரு ஆம்பிளையிடம், அதுவும் வாத்தியாரிடம், அதைப் பகவதி எப்படிக் கேட்பாள்? ஒருவேளை கேட்டிருந்தால் தை மாதத்திலேயே டாக்டரைப் பார்த்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் அன்று முழுவதும் அவளை விடவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டர் ஷெமி கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "கேன்சர் அல்ல." சுந்தரராமன் கைகூப்பினார். "இருங்க சார், முழுசும் கேளுங்க. கேன்சர் ஆகல. ஆனா செல் எல்லாம் மாற ஆரம்பிச்சாச்சு. அந்த வழியிலதான் நிக்குது. இன்னும் கொறச்சு நாள் இந்தப் பேரீச்சம்பழமே தின்னுட்டிருந்தா நான் வேற மாதிரி பேச வேண்டி வந்திருக்கும். கர்ப்பப்பையை எடுத்துடலாம். மொதல்ல ரத்தம் ஏத்தணும்."

சுப்ரியா அம்மாவின் கையைப் பிடித்தாள். பகவதிக்குப் பயம் போகவில்லை. ஆபரேஷன், மயக்க ஊசி, எடுத்ததை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினால் என்ன வருமோ என்று புதிதாகப் பயப்பட நிறைய இருந்தது. ஆனால் இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. "நேக்குப் பயமா இருக்கு டாக்டர்" என்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முதல் நாள் சாயங்காலம் சிவகாமியம்மாள் வந்தாள். சிராத்தத்துக்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள். சௌக்கியம் விசாரித்தாள். நீர்மோர்ச் சம்பாரத்துக்குப் போடுகிற இஞ்சி விலை ஏறியதைச் சொன்னாள். சுப்ரியா உள்ளே போனதும் நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"வலிச்சுதாடி?"

"இல்லை மாமி. வலியே இல்லை. அதனாலதான் அசட்டையா இருந்துட்டேன்."

"நெறைய வந்துதா? இல்லை, சும்மா கறை மாதிரி?"

"மொதல்ல கறைதான்."

"சேப்பாவா, கறுப்பாவா?"

பகவதி நிமிர்ந்து பார்த்தாள். சிவகாமியம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள். கண் பகவதியைப் பார்க்கவில்லை.

"மாமி, உங்களுக்கு எப்போலேர்ந்து?"

"எனக்கென்ன? நன்னாக் கேட்டே போ! நாளைக்கு யாராவது என்னண்ட கேட்டா பதில் சொல்லணுமோல்லியோ, அதுக்காக்கும்."

தெருவுக்கே வழி சொல்கிறவள். அவளிடம் இன்னொரு முறை நேராகக் கேட்டால் எழுந்து போய்விடுவாள். போனால் திரும்ப இந்தப் பேச்சுக்கு வரமாட்டாள். தன்னை அறிந்தது போலவே பகவதிக்கு அது தெரிந்தது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சுப்ரியா, நாளைக்குக் கார்ல நாம மூணு பேர்தானே?"

"ஆமாம்மா."

"மாமியும் வரா. எனக்குத் துணைக்கு."

சிவகாமியம்மாள் திடுக்கிட்டாள். "நான் எதுக்குடி?"

"நேக்குப் பயமா இருக்கு மாமி. ரிஷி பஞ்சமிக்குப் பக்கத்துல இருந்தேள். இதுக்கும் இருங்கோ. டாக்டர் என்னைப் பாக்கறப்போ நீங்களும் உள்ள வாங்கோ."

மாமி எழுந்தாள். வாசல் வரை போனாள். வெளியே தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

"டாக்டர் பொம்மனாட்டிதானே?"

"பொம்மனாட்டிதான்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்குக் கிளம்பறோம்" என்றாள் பகவதி. "நாளைக்கு ஏகாதசின்னு பட்டினி கிட்டினி இருந்துடாதேங்கோ. நன்னாச் சாப்டுட்டு வாங்கோ."